வண்ணப் பென்சிலால் படம் தீட்டுவோம்

ஓவிய ஆசிரியை ஒரு தக்காளிப் பழத்தைத் தீட்டிக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் கவனிக்க வேண்டியது முடிந்த படத்தையன்று, அவருடைய கையை.

சாதாரணப் பென்சிலின் உள்ளே இருப்பது கிராபைட்டும் களிமண்ணும். வண்ணப் பென்சிலின் உள்ளே இருப்பதோ மெழுகு அல்லது எண்ணெயால் பிணைக்கப்பட்ட நிறப்பொடி. நீர்வண்ணத்தைத் தட்டில் கலந்துகொள்ளலாம். பென்சில் வண்ணத்தைத் தாளின்மேல்தான் கலக்க முடியும். மஞ்சளின்மேல் நீலத்தை மெல்லத் தீட்டினால், இரண்டும் சேர்ந்து பச்சையாகத் தோன்றும்.

தாளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. தொடக்கத்திலேயே அழுத்தித் தீட்டினால் பள்ளங்கள் அடைபட்டு, அடுத்த நிறம் பிடிக்காமல் வழுக்கும். ஆகவே பென்சிலின் கூரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாகவே தொடங்க வேண்டும்.

தக்காளியைத் தீட்டும் முறை இது:

1. பழத்தில் ஒளி பளிச்சிடும் இடத்தை வரைந்து, அதை வெறுமையாக விட வேண்டும். தாளின் வெண்மையே அந்த ஒளி. வண்ணம் ஏறிய பின் ரப்பர் அதை முழுவதும் மீட்டுத் தராது.

2. மற்ற இடமெங்கும் மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சு, பிறகு சிவப்பு எனப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பழம் உருண்டையானது, கோடுகளும் அந்த வளைவைப் பின்பற்ற வேண்டும்.

3. நிழலுக்குக் கறுப்பைத் தேட வேண்டாம். சிவப்பின் எதிர்நிறமான பச்சையை மெல்லத் தீட்டினால் சிவப்பு மங்கி, நிழலாகும்.

4. கடைசியில் மட்டும் அழுத்திப் பூசி, தாளின் வெள்ளைப் புள்ளிகளை மறைக்க வேண்டும்.

ஆசிரியையின் படமும் இரண்டாம் படியில் வெளிறி, அழகின்றியே இருக்கும். அவர் அங்கே நிற்பதில்லை. அடுத்த பூச்சைத் தொடர்கிறார். அந்தப் படியில் நிறுத்திவிட்டு, "எனக்குக் கை வராது" என்று தாளை மூடிவைக்கும் தோழியர் நம்மிடையே பலர். அவர்களிடம் குறைந்தது திறமையன்று. இன்னும் இரண்டு பூச்சு.

செய்முறை பார்த்த அன்றே, ஒரு தாளில் சிறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் இரு நிறங்களை ஏற்றிப் பார்ப்போம். 12 பென்சில்கள் கொண்ட பெட்டியே இதற்குப் போதும். நமக்கு அளிக்கப்பட்ட தாலந்தை மண்ணில் புதைக்காமல், நாள்தோறும் கூர்தீட்டி வருவோம்!