மரபியல் பயில விழையும் மாணவர்க்கு

பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளையை எப்படிப்பில் சேர்ப்பது என்னும் கேள்வி அங்கத்தினர் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுகின்றது. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றை அறியாதார் இல்லை. மரபியல் என்றால் மட்டும், "அதனைப் படித்தால் என்ன உத்தியோகம்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். தணிக்கைக்குச் சென்ற ஊர்களில் இவ்வினாவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் இதன் விடையை அறிதல் நலம்.

பெற்றோரின் குணங்கள் சந்ததியை எவ்விதம் அடைகின்றன என ஆராய்வதே மரபியல். பட்டாணிச் செடிகளைக் கொண்டு இதன் அடிப்படை விதிகளைக் கண்ட மெண்டல் என்பார், அவற்றை 1866-இல் வெளியிட்டார். உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது 1900-இல். அவரோ 1884-இலேயே காலமாகிவிட்டார். பொறுமை இத்துறையின் முதற்பாடம்.

பருத்தி ஆராய்ச்சியில் நாள்தோறும் நிகழும் வேலையைக் காண்போம். மறுநாள் மலரவிருக்கும் மொக்கின் மகரந்தப் பைகளை மாலையில் நீக்கி, உறையிட்டு மூடுவர். காலையில் வேறொரு ரகத்தின் மகரந்தத்தை அதன் சூல்முடியில் தடவி, அடையாளமாக நூல் கட்டுவர். தூய ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறைச் செடிகள் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரியும். ஒன்று நீண்ட இழை தரும்; ஒன்று மிகுதியாகக் காய்க்கும்; மற்றொன்று நோயைத் தாங்கும். வேண்டிய குணங்கள் ஒருங்கே அமைந்தவற்றைப் பொறுக்கி, அவை நிலைபெறும்வரை மீண்டும் மீண்டும் விதைத்து, பின்னர்ப் பல ஊர்களில் சோதிப்பர். இவ்வாறு ஒரு ரகம் வெளிவர எட்டு, பத்து ஆண்டுகளும் செல்லும்.

இவ்வுழைப்பின் பயனைத் தறியிலே காணலாம். கோவையில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு பருத்திகளைக் கலந்து உருவாக்கி, 1974-இல் வெளியிடப்பெற்றது சுவின் ரகம். அதன் மிக நீண்ட இழையிலிருந்து 100-ஆம் நம்பர் மென்னூலும் நூற்கலாம்.

தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்று, கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், இந்தியப் போலீஸ் பணிக்குத் தேர்வாகியும் அதனை விடுத்து, மரபியல் பயில ஹாலந்து சென்றார்.

பயிர் மரபியலுக்குரிய வழி இது: விஞ்ஞானப் பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பு, வேளாண்மையில் நான்காண்டுப் பட்டம், மரபியலும் பயிர்ப் பெருக்கமும் என்னும் பிரிவில் ஈராண்டு முதுகலை, அதன்மேல் மூன்றாண்டோ சற்று மிகுதியோ டாக்டர் பட்ட ஆராய்ச்சி. வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள், மத்திய ஆராய்ச்சி நிலையங்கள், விதைக் கம்பெனிகள் ஆகியவற்றில் உத்தியோகம் உண்டு.

ஆகவே, சேர்க்கும்போதே ஒன்பது ஆண்டுக் கணக்கை எழுதிப் பார்த்தல் வேண்டும். முதல் நான்காண்டுச் செலவுக்கு மட்டும் வழிசெய்துவிட்டு, பின்னர், "படித்தது போதும், சம்பாதிக்க வா" என்று மகனையும், "மணம் முடிப்போம்" என்று மகளையும் நடுவில் அழைப்பதால் பட்ட செலவும் பயன் தராது. கல்விக் கடன், உபகாரச் சம்பளம் ஆகியவற்றை முன்னரே விசாரித்து வைத்தல் நன்று. பாவு ஓட்டியபின் பாதியில் அறுக்கலாகாது என்பதை நெசவாளருக்கு எவரும் கூற வேண்டுவதில்லை.