வலது கையில் மெய், இடது கையில் உயிர்

நம்ம பசங்க கீபோர்டு பத்திச் சண்டை போட்டா, அது மெக்கானிக்கலா மெம்ப்ரேனா, ப்ளூ ஸ்விட்ச் சத்தத்துல ரூம்மேட் முழிச்சிக்குவானா என்கிற அளவில் நின்னுடும். லேஅவுட் வரைக்கும் யாரும் போறதில்லை. இங்கிலீஷுக்கு அது பரவாயில்லை. 1936-ல் ட்வோராக் காப்புரிமை வாங்கியும் உலகம் குவெர்ட்டியை விடலை. ஆனா தமிழுக்கு இன்னிக்கும் மூணு, நாலு லேஅவுட் உயிரோட இருக்கு. எதைப் பழகுறோம்கிறது கொஞ்சம் முக்கியமான விஷயம்.

கே.கே. நகர்ல கோர்ட் பக்கம் இருக்கிற டிடிபி கடைகள்ல மனு அடிக்கிற அக்காக்களைக் கவனிங்க. கண்ணு ஸ்க்ரீன்லயே இருக்கும். அவங்க கை பழகினது பழைய தட்டச்சு லேஅவுட். இடது கை நடு வரிசையில் ய, ள, ன, க, ப. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் போன ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சுப் பொறியோட வழி இது. நம்ம எழுத்துகளை ஒரு மெஷினுக்குள்ள அடக்க அவர் பிடிச்ச யோசனை நகரா விசை. புள்ளியை அடிச்சா காகிதம் நகராது. அடுத்து அடிக்கிற மெய் அந்தப் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். பாமினி ஃபான்ட்டும் இந்த வரிசையை ஒட்டினதுதான். அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு தெரியறதுக்கு அதுதான் காரணம். குரூப் 4 தட்டச்சர் வேலை குறி என்றால், இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்து இதையே பழகுங்க. தட்டச்சுப் பரீட்சை இந்த வரிசையில்தான்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் அடிக்கிறது ஒலிபெயர்ப்பு முறை. இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் வரும். பழக நேரமே வேண்டாம், அதை மறுக்கலை. ஆனா ந, ன, ண மூணுக்கும் 'என்' ஒண்ணுதான். ஷிஃப்ட், டபிள்யூன்னு சமாளிக்கணும், இல்லைன்னா பட்டியலில் அது காட்டுற சொல்லை எடுத்துக்கணும். என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவனுக்கு, தமிழ்ச் சொல் மனசுக்குள்ளயே இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கா மாறிடும். இதுதான் எனக்கு ஒத்துவராத இடம்.

என் ஓட்டு தமிழ்99-க்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, அதே வருஷம் தமிழக அரசு ஏத்துக்கிட்ட லேஅவுட் இது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1: மொத்தம் 31 கீ. ஆய்தமும் கிரந்தமும் ஷிஃப்ட்டில். உயிரெல்லாம் இடது கை. வ, ங தவிர மெய்யெல்லாம் வலது கை. 'மதுரை' அடிக்க ம, த, உ, ர, ஐ என்று 5 தட்டு. ஒலிபெயர்ப்பில் அதுக்கே 8.

இதில் அழகு தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினா 'அம்மா'. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஜோடிகளுக்கும் அப்படியே. த, ங, க, ம, கடைசியில் ஒரு புள்ளி: 'தங்கம்'. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்த இன எழுத்து, இங்கே சாஃப்ட்வேர் லாஜிக்கா ஓடுது!

குறையும் இருக்கு. வலது சுண்டுவிரல் பாவம்: ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அதன் தலையில். 'ஞாயிறு' அடிச்சுப் பாருங்க, புரியும்.

விண்டோஸ் 10-லயும் 11-லயும் தமிழ் மொழியைச் சேர்த்தா, கீபோர்டு பட்டியலில் தமிழ்99 இருக்கும். தனியா எதுவும் இறக்க வேண்டாம். ஐஃபோனில் 2013-ல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து இருக்கு. ஆண்ட்ராய்டுக்கு முத்து நெடுமாறனோட செல்லினம். கீ மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, கண்ணு கீழேயே போகும். லேஅவுட் படத்தை ஸ்க்ரீன் ஓரத்தில் வெச்சுக்கிட்டு, முதல்ல நடு வரிசை மட்டும்: அ, இ, உ, புள்ளி, எ ஒரு பக்கம், க, ப, ம, த, ந, ய மறு பக்கம். படம், பக்கம், கதை எல்லாம் அப்புறம். 'தம்பி', 'மயக்கம்', 'அந்த', 'பந்து' எல்லாம் இந்த ஒரு வரிசையிலேயே முடிஞ்சிடும்.

புள்ளி வேண்டாத இடத்தில் விழுந்தா நடுவில் ஒரு அ தட்டுங்க. 'மமதை'க்கு ம, அ, ம, த, ஐ. 'தத்துவம்' என்றால் த, அ, த, த, உ, வ, ம, புள்ளி.