எண்ணெய், நெய், கொழுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உடலுக்கு ஆற்றல் தரும் சத்துகள் மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. முதல் இரண்டும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 கலோரி தருகிறது. கொழுப்பைக் கண்டு அஞ்சுவோர், அதை மருந்தாகவே கொண்டாடுவோர் என இரு தரப்பும் இன்று பெருகியுள்ளன. தமிழ்நாட்டு அடுப்படி நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் தொடங்கி, டால்டா, ரீஃபைண்ட் எண்ணெய், நியாய விலைக் கடைப் பாமாயில் எனப் பலவற்றைக் கண்டு, இப்போது மரச்செக்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தோடும் சில நம்பிக்கைகள் வந்து ஒட்டிக்கொண்டன.

அவற்றைப் பார்ப்பதற்கு முன் அடிப்படை ஒன்று. எல்லாக் கொழுப்புகளும் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. அவை நிறைவுற்றவை, ஒற்றை நிறைவுறாதவை, பன்மை நிறைவுறாதவை என மூவகை. எந்த எண்ணெயிலும் மூன்றும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும். நிறைவுற்றது மிகுந்தால் குளிரில் சீக்கிரம் உறையும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகி நிற்க, பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் நீர்மமாகவே இருப்பதன் காரணம் இதுவே.

நம்பிக்கை 1: எண்ணெயே சேர்க்காத சமையல்தான் உடம்புக்கு நல்லது.

உண்மை: கொழுப்பு இல்லாமல் உடல் இயங்காது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929-ல் எலிகளுக்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தனர். எலிகள் வளர்ச்சி குன்றின, தோல் செதில் செதிலாக உரிந்தது, இறந்தும் போயின. லினோலெயிக் அமிலம் உணவில் சேர்ந்ததும் அவை தேறின. உடலால் தானே உண்டாக்க முடியாத, உணவிலிருந்து மட்டுமே பெறக்கூடிய கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலமும், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் அத்தகையவை.

வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் குடலில் சேர, அதே வேளை உணவில் சிறிது கொழுப்பு இருந்தாக வேண்டும். கீரைக் கடைசலுக்கு ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பதும், பருப்புச் சாதத்தில் சிறிது நெய் விடுவதும் சுவைக்காக மட்டும் வந்த பழக்கமாக இருந்தாலும், சத்துக்கும் அவை துணை.

எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சாதத்தாலும் மைதாவாலும் சர்க்கரையாலும் நிரப்புவதால் இதயத்துக்கு நன்மை இல்லை. அப்படிச் செய்தால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் இறங்கும். அரிசியை மையமாகக் கொண்ட தென்னிந்திய உணவில் இது முக்கியமான எச்சரிக்கை.

நம்பிக்கை 2: ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்ட எண்ணெய் இதயத்துக்குப் பாதுகாப்பானது, முட்டையின் மஞ்சள் கரு ஆபத்தானது.

உண்மை: கொலஸ்ட்ரால் விலங்கு உணவுகளில் இருப்பது. கடலை, எள், தேங்காய், பனை என எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தத்தக்க அளவில் அது கிடையாது. எனவே அந்த வாசகம் எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும். ஓர் எண்ணெயை மற்றொன்றிலிருந்து அது பிரித்துக் காட்டாது.

உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் பிற உறுப்புகளுமே உண்டாக்குகின்றன. ரத்தத்திலுள்ள, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைக் கல்லீரல் தன் ஏற்பிகளால் பிடித்து அகற்றுகிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அந்த ஏற்பிகளின் வேலை குறைந்து எல்டிஎல் தேங்குகிறது. பெரும்பாலோருக்கு உணவிலுள்ள கொலஸ்ட்ராலை விட நிறைவுற்ற கொழுப்பும், பின்னர் பார்க்கப்போகும் ட்ரான்ஸ் கொழுப்பும்தான் எல்டிஎல்லை உயர்த்துகின்றன. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று அமெரிக்க உணவு வழிகாட்டி வைத்திருந்த வரம்பு, 2015-ஆம் ஆண்டின் பதிப்பில் நீக்கப்பட்டது. நலமாக இருப்பவருக்கு நாளுக்கு ஒரு முட்டை பொதுவாகத் தீங்கில்லை. நீரிழிவு உள்ளவர்களும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யலாம்.

நம்பிக்கை 3: தேங்காய் எண்ணெய் உடல் கொழுப்பைக் கரைக்கும் அரு மருந்து.

உண்மை: தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புகள் நேராகக் கல்லீரலுக்குச் சென்று விரைவில் எரிந்துவிடும் என்று ஆய்வுகளில் தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பயன்பட்டவை 8, 10 கார்பன் அணுக்கள் கொண்ட அமிலங்களிலிருந்து தனியே தயாரித்த எண்ணெய்கள். 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாக ரத்தத்தைச் சேர்கிறது. அந்த ஆய்வுகளின் பலனைத் தேங்காய் எண்ணெய்க்குச் சூட்டுவது பொருந்தாது.

தேங்காய் எண்ணெயையும் வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களையும் ஒப்பிட்ட 16 ஆய்வுகளின் தொகுப்பு 2020-ல் வெளியானது. தேங்காய் எண்ணெய் உண்டோருக்கு எல்டிஎல் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. ஹெச்டிஎல்லும் 4 மில்லிகிராம் கூடியிருந்தது. ஹெச்டிஎல் கூடுவதால் எல்டிஎல்லின் தீங்கு ஈடாகிவிடும் என்பதற்குச் சான்று இல்லை.

பசிபிக் தீவுகளான டோகெலாவ், புகாபுகா மக்கள் தேங்காயை மிகுதியாக உண்டும் இதயநோய் அரிதாகவே இருந்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அம்மக்கள் நார்ச்சத்தோடு கூடிய முழுத் தேங்காயை மீனோடும் கிழங்கோடும் உண்டார்கள். சர்க்கரையும் மாவுப் பண்டங்களும் அவர்கள் உணவில் குறைவு. பொரியலில் தூவும் துருவலும், அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெயும் அந்த மரபுக்கு நெருக்கமானவை. காலையில் வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாகக் குடிப்பது அதில் சேராது. தேங்காய் எண்ணெய் நஞ்சும் கிடையாது; அளவோடு சேர்க்க வேண்டிய ஒரு சமையல் எண்ணெய், அவ்வளவே.

நம்பிக்கை 4: நாட்டு மாட்டு நெய் எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் செய்யாது.

உண்மை: எந்த மாட்டின் நெய்யாக இருந்தாலும் அதில் 60 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 8 கிராமுக்கு மேல் வந்துவிடும். பால், தயிர், தேங்காய், இறைச்சி ஆகியவற்றின் பங்கும் இதே கணக்கில் சேரும். ஒரு தேக்கரண்டி நெய்யை ரசித்துச் சாப்பிடலாம். நெய்யில் ஊறிய பொங்கலும் மைசூர்பாகும் தினசரி உணவாகக் கூடாது.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கொழுப்பு வரம்புகளும் 2 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. கைக்குழந்தையின் பருப்புச் சாதத்தில் நெய்யைத் தவிர்ப்பது தவறான சிக்கனம்.

நம்பிக்கை 5: டால்டா தாவரத்திலிருந்து வந்தது, ஆகவே நெய்யை விட நல்லது.

உண்மை: இந்த நம்பிக்கை இந்தியாவில் நீண்ட காலம் தீங்கு செய்திருக்கிறது. நீர்ம எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். அம்முறையில் தயாரான வனஸ்பதி, 1937-ல் டால்டா என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. நெய்யைப் போல மணல்மணலாக இருந்ததால் கலப்படக்காரர்களுக்கும் அது வசதியாயிற்று. கலப்படத்தைப் பிடிக்க, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. வனஸ்பதி கலந்த நெய்யைப் பரிசோதித்தால் எள்ளின் சேர்மங்கள் சிவப்பு நிறம் காட்டிக் குட்டை உடைத்துவிடும்.

ஹைட்ரஜனேற்றம் அரைகுறையாக நடக்கும்போது ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது எல்டிஎல்லை உயர்த்துவதோடு ஹெச்டிஎல்லையும் தாழ்த்துகிறது. கொழுப்பு வகைகளிலேயே இதயத்துக்கு மிகக் கேடானது இதுதான். 2003-ல் டென்மார்க் உலகிலேயே முதன்முதலாக இதற்குச் சட்ட வரம்பு வைத்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் படிப்படியாக வரம்பைக் குறைத்து, 2021-ல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று விதித்தது. பாக்கெட் பண்டங்களில் ‘ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு’ என்ற சொற்களைத் தேடிப் பார்த்து ஒதுக்குவது இன்றும் நல்ல பழக்கம். பஃப்ஸ், கிரீம் பிஸ்கட், பன் பட்டர் ஜாம் போன்ற பேக்கரிப் பண்டங்களில் ட்ரான்ஸ் கொழுப்பு குறைந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு நிறையவே இருக்கக்கூடும்.

நம்பிக்கை 6: செக்கு எண்ணெய் அமுதம், ரீஃபைண்ட் எண்ணெய் நஞ்சு.

உண்மை: செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கடலை எண்ணெயின் கொழுப்பு அமில விகிதம் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது மற்றவை. செக்கெண்ணெயில் மணமும், வைட்டமின் ஈ போன்ற இயற்கைச் சேர்மங்களும் கூடுதலாகத் தங்குகின்றன. கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் ஆகியவை உண்டு. எள்ளுக்கே உரிய இத்தகைய சேர்மங்களால்தான் நல்லெண்ணெய் எளிதில் சிக்குப்பிடிப்பதில்லை.

சுத்திகரிப்பில் பசை, அமிலம், நிறம், வாடை ஆகியவை நீக்கப்படுகின்றன. இதில் நல்ல சேர்மங்கள் சில போகின்றன, வேண்டாதவையும் போகின்றன. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிலிருந்து கண்டறியப்பட்டது இது; கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. காரச் சுத்திகரிப்பில் இந்நச்சு நீங்கிவிடும். செக்கில் போடும் கடலை சொத்தையாகவோ பூஞ்சை பிடித்ததாகவோ இருந்தால் எண்ணெயிலும் ஓரளவு இறங்கிவிடும். எனவே செக்கெண்ணெயின் தரம் கடலையின் தரத்தில் இருக்கிறது. நன்கு காய்ந்த, பொறுக்கி எடுத்த பருப்பை ஆட்டித் தருபவரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

சூரியகாந்தி போன்ற விதை எண்ணெய்களிலுள்ள ஒமேகா-6 உடலில் அழற்சியைத் தூண்டும் என்ற பேச்சும் பரவியிருக்கிறது. மனிதரிடம் நடந்த சோதனைகளில் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டியபோது அழற்சிக் குறியீடுகள் உயரவில்லை. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக அதைச் சேர்த்தபோது எல்டிஎல் குறைந்தது.

நம்பிக்கை 7: வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்தால் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

உண்மை: வடிகட்டினால் தூள்தான் போகும். பலமுறை கொதித்த எண்ணெய் உடைந்து முனைவுச் சேர்மங்கள் பெருகும்; அவற்றை வடிதட்டு பிடிக்காது. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவகங்கள் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய விதி. வீட்டில் அளந்து பார்க்க இயலாது. நிறம் கறுத்து, நுரை கட்டி, பிசுபிசுத்து, சீக்கிரம் புகைந்தால் அந்த எண்ணெய் முடிந்தது என்று கொள்ளலாம். பொரிப்பதற்குச் சிறிய வாணலியில் தேவையான அளவே ஊற்றினால் மிச்சமும் குறையும்.

நம்பிக்கை 8: ஒமேகா-3 வேண்டுமென்றால் மீன் எண்ணெய் மாத்திரை போதும்.

உண்மை: அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2018-ல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில், நலமாக இருந்தவர்கள் ஒமேகா-3 மாத்திரை உட்கொண்டதால் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் இதய நோய் நிகழ்வுகளின் மொத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மீனைக் குழம்பாகச் சாப்பிடும்போது புரதமும் அயோடினும் செலீனியமும் சேர்ந்து கிடைக்கின்றன. விலை மலிவான மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 நிறைந்தவை. சைவ உணவினருக்கு ஆளிவிதை, வால்நட், கடுகு ஆகியவற்றில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கிடைக்கும். மீனிலுள்ள வகையாக அதை உடல் சிறிதளவே மாற்றிக்கொள்கிறது.

நம்பிக்கை 9: நல்ல எண்ணெயாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உண்மை: எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ஆய்வாளரின் சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 2,000 கலோரி உணவில் சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து நாளுக்கு 27 கிராம் என்பது அதன் மாதிரித் தட்டின் அளவு. மாதத்துக்கு ஒருவருக்கு ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மூன்றரை லிட்டர் போதுமானது. வெளியில் வாங்கித் தின்னும் வடையும் பரோட்டாவும் இதற்கு மேல்.

வகையிலும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்லெண்ணெயில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் பன்மை நிறைவுறாக் கொழுப்பும் ஏறக்குறைய சம அளவு. கடலை எண்ணெயில் ஒற்றை வகை மிகுதி, சூரியகாந்தியில் பன்மை வகை மிகுதி. தாளிக்க நல்லெண்ணெய், பொரிக்கக் கடலை எண்ணெய், சாதத்தில் ஒரு துளி நெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். கைப்பிடி வேர்க்கடலையும் எள்ளுத் துவையலும் கொழுப்போடு நார்ச்சத்தையும் புரதத்தையும் சேர்த்துத் தரும்.

இந்த மாதம் வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினோம் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். எந்த எண்ணெய் சிறந்தது என்ற விவாதத்தைவிட, அந்தக் கணக்கு வீட்டாரின் இதயத்துக்குக் கூடுதல் நன்மை செய்யும்.