அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்த வீடு

மயிலாப்பூரில் நாங்கள் பார்த்த வாடகை வீடுகள் பதினொன்று. முதல் ஒன்பதை நானும் கணவரும் ஞாயிறு காலையில் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். அதுதான் தவறு. ஞாயிறு காலையில் எந்தத் தெருவும் அகலமாகத்தான் தெரியும்.

அதற்கு முன் ஏழு வருடம் பெரும்பாக்கத்தில் இருந்தோம். பால் பாக்கெட் தீர்ந்தால்கூட வண்டிச் சாவியைத் தேட வேண்டும். எழுபதைத் தாண்டிய அம்மா, யாராவது கூட்டிப்போனால்தான் வெளியே வருவார். அவருக்காகத்தான் மயிலாப்பூர் என்று முடிவு செய்தோம். கபாலி கோயில், காய்கறி, மருந்துக்கடை, நாகேஸ்வர ராவ் பூங்கா, திருமயிலை ரயில் நிலையம் எல்லாம் நடக்கிற தூரம் என்றார்கள். யார் நடக்கிற தூரம் என்று நான் கேட்கவில்லை.

பத்தாவது வீட்டுக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன், வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு. “கோயிலுக்கு எட்டு நிமிஷம்தாம்மா” என்றார் புரோக்கர். எனக்கு எட்டு நிமிடம்தான். அம்மாவுக்கு இருபத்திரண்டு. நடைபாதையில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி வரிசையாக பைக்குகள், அப்புறம் ஒரு கடையின் படிக்கட்டு. மூன்று இடத்தில் சாலையில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்ததால் வண்டிகள் இந்தச் சின்னத் தெருவுக்குள் புகுந்து வந்தன. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடு நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதினோராவது, தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். பழைய கட்டடம், லிப்ட் இல்லை, முதல் மாடி. கோயில் வரை அம்மா ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்தார். அங்கேயே டோக்கன் கொடுத்திருப்பேன். கீழ்வீட்டு அக்காதான் தடுத்தார். “தண்ணி பார்த்தீங்களா?” என்றார்.

தண்ணீர் விஷயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வருகிறது, ஒரு சம்ப்பை எத்தனை குடும்பம் பகிர்ந்துகொள்கிறது, மே மாதத்தில் லாரி வாங்கினார்களா, அந்தச் செலவு யாருடையது. போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்கலாம்.

கரண்ட்டுக்குத் தனி மீட்டரா என்றும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், யூனிட் கூடக்கூடக் கட்டணமும் ஏறும். ஒரே இணைப்பை சப்-மீட்டர் வைத்து மூன்று குடித்தனத்துக்குப் பிரித்தால், இலவசமும் மூன்றாகப் பிரிந்துவிடும், எல்லோருமே மேல்விலையில் கட்ட நேரும். பழைய பில் ஒன்றைக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

ரயிலடிக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறவர்கள் இருட்டுகிற நேரத்தில் பால்கனியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பறக்கும் ரயில் பாதை பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டித்தான் போகிறது. கொசு எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் விஷயத்தில் நான் முன்பு ஏமாந்திருக்கிறேன். பழைய வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சுவர் நாங்கள் குடிபோனபோதே அழுக்குதான் என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. இந்த முறை, அந்தப் பதினோராவது வீட்டில் குடிபுகுந்த அன்றே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், ஜன்னலையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெயின்ட் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சென்னைப் பழக்கமோ பத்து மாதம். சட்டத்தைச் சொல்லி, சண்டையில்லாமல் பேசினேன். ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார்.

பங்குனியில் பத்து நாள் திருவிழா. தேரன்றும் அறுபத்துமூவர் அன்றும் மாட வீதிகளுக்குள் ஆட்டோ வராது. அம்மாவுக்கு இரவில் உடம்பு சரியில்லாமல் போனால் எந்தச் சந்து வழியாகப் பெரிய சாலையைப் பிடிப்பது என்று குடிவந்த முதல் வாரமே நடந்து பார்த்து வைத்துக்கொண்டோம். கோயில் பக்கத்தில் வீடு எடுப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். அம்மா தினமும் காலையில் கீரை வாங்கத் தனியாகப் போய் வருகிறார். நீங்களும் டோக்கன் கொடுக்கும் முன், வேலைநாள் மாலை ஒன்றில், வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள்.