திட்ட மேலாளர் சான்றிதழ்: பெறுவதும் காப்பதும்

பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இன்று இன்ஜினியர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "பி.எம்.பி. எழுதலாமா சார், பயன் உண்டா?" என்பதே. நான் அந்தச் சான்றிதழைப் பெற்று மூன்று முறை புதுப்பித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிலருக்கு அதற்கான பாடமும் சொல்லி வருகிறேன். பிள்ளைகளோடு பெற்றோருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

திட்டம் என்பது என்ன?

தொடக்கமும் முடிவும் உள்ள, ஒரு குறிப்பிட்ட பயனைத் தரும் வேலையே திட்டம். தினமும் பஸ் ஓட்டுவது திட்டம் ஆகாது. புதிய பஸ் நிலையம் கட்டுவது திட்டம். நம் வகுப்பில் முதல் பாடமாக நான் எடுத்துக்கொள்வது தெலுங்கு கங்கைத் திட்டத்தை. சென்னைக் குடிநீருக்காக ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றும் கிருஷ்ணா நீரில் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுப்பதாக 1976இல் முடிவாயிற்று. மொத்தம் 15. வழியில் ஆவியாகும் இழப்புக்கு 3 கழித்து, 12 டி.எம்.சி. எல்லையில் தருவதாக 1983இல் ஆந்திரமும் தமிழகமும் ஒப்பந்தம் செய்தன. கண்டலேறு அணையிலிருந்து வரும் கால்வாய் நம் காளஹஸ்தி, சத்தியவேடு பக்கமாகத்தான் செல்கிறது. ஊத்துக்கோட்டை அருகே எல்லையைத் தண்ணீர் தொட்டது 1996இல்.

இந்த ஒரு கதையில் பாதிப் பாடம் அடங்கிவிடும். எவ்வளவு, எங்கே தரவேண்டும் என்று வரையறுத்தது வேலையின் எல்லை. இழப்புக்கென்று 3 டி.எம்.சி. ஒதுக்கியது வரக்கூடிய இடருக்கு முன்னேற்பாடு. நான்கு மாநிலங்களும், நிலம் கொடுத்த விவசாயிகளும், குடிநீருக்குக் காத்திருந்த சென்னை மக்களும் திட்டத்தில் அக்கறை உள்ளவர்கள். தண்ணீர் வந்த பிறகும் கரை வழியாகக் கசிவு மிகுந்தது. புட்டபர்த்தி சாய்பாபாவின் அறக்கட்டளை 2002க்குப் பின் கால்வாயைச் சீர்செய்ய முன்வந்த பிறகே வரத்து மேம்பட்டது. கட்டி முடித்ததோடு கவனிப்பு முடிவதில்லை. சான்றிதழுக்கும் இது பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

யார் எழுதலாம்?

சான்றிதழ் தருவது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பி.எம்.ஐ. என்னும் நிறுவனம். 1969இல் தோன்றியது, 1984இலிருந்து இத்தேர்வை நடத்துகிறது. இது அரசு உரிமமும் அல்ல, பல்கலைக்கழகப் பட்டமும் அல்ல. ஆனால் ஹைதராபாத்திலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளப்படும் சான்று. ஊர்விட்டு ஊர் செல்லும் நம் போன்றவர்களுக்கு அதுவே அதன் சிறப்பு.

நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் திட்டப் பணியை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு மட்டும் உள்ளவருக்கு 60 மாதங்கள். இதோடு 35 மணி நேர வகுப்புப் பயிற்சியும் தேவை. பதவிப் பெயர் 'மேனேஜர்' என்று இருக்க வேண்டியதில்லை. பொறுப்பேற்று வேலையை நடத்தியிருந்தால் போதும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். "அனுபவம் இல்லையா, கவலை வேண்டாம், நாங்களே எழுதித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. நம் வகுப்பில் இருந்த ஒரு தம்பிக்கு ஒன்பது மாத அனுபவம் குறைந்தது. அவருக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. வீட்டில் தங்கை கல்யாணச் செலவு. சான்றிதழ் இருந்தால் வளைகுடா வேலை கிடைக்கும் நிலை. ஆசைப்பட்டதில் வியப்பில்லை. காத்திருக்கச் சொன்னேன். காரணம் இதுதான்: விண்ணப்பங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பார்கள். அப்போது பழைய மேலதிகாரிகளே உறுதி செய்து தரவேண்டும். அதைவிட முக்கியம், விண்ணப்பிக்கும்போதே நேர்மை நெறிகளுக்கு நாம் கட்டுப்படுகிறோம். பொய்யில் தொடங்கும் சான்றிதழை எத்தனை வருஷம் பயந்துகொண்டு வைத்திருப்பது? அதே வகுப்பில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் சரிபார்ப்புக்கு வந்தது. ஒவ்வொரு வேலையின் தேதியையும் பொறுப்பையும் நோட்டில் எழுதி வைத்திருந்ததால் பத்தே நாளில் கையெழுத்துகளை வாங்கி அனுப்பிவிட்டார். தம்பியும் ஒன்பது மாதம் பொறுத்து, முறையாக எழுதித் தேறினார்.

கேள்விகள் எப்படி?

2021 ஜனவரியில் வந்த முறையில் 180 கேள்விகள், 230 நிமிடங்கள். தேர்வுமுறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் காலத்துப் பாடத்திட்டத்தைப் பார்த்தே படியுங்கள். மனப்பாடம் உதவாது. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். நானே அமைத்த ஒரு மாதிரிக் கேள்வி:

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. தோதாபுரி வரத்து தொடங்குமுன் புதிய இயந்திரம் ஓட வேண்டும். இயந்திரம் வர மூன்று வாரம் தாமதம். "சோதனை ஓட்டத்தை விட்டுவிடுங்கள்" என்கிறார் முதலாளி. முதலில் என்ன செய்வீர்கள்?

உடனே சம்மதிப்பதும் விடையல்ல, மறுப்பதும் விடையல்ல. சோதனையை விட்டால் தரம், செலவு, பாதுகாப்பு எப்படிப் பாதிக்கும் என்று குழுவோடு கணக்கிட்டு, மாற்று வழிகளோடு முதலாளியிடம் சொல்வதே விடை. முதலில் ஆராய், பிறகு செயல்படு. பல கேள்விகளுக்கு இதுவே திறவுகோல்.

பெற்ற பின்?

சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் 60 பி.டி.யு. புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி. இதில் 35 புள்ளிகளாவது கற்றலில் இருக்க வேண்டும். அதிலும் வேலைமுறை, மனிதரோடு பழகும் திறன், தொழில் அறிவு ஒவ்வொன்றிலும் குறைந்தது 8. கற்பித்தல், தொண்டு, கட்டுரை எழுதுதல் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 25. அதற்குள் நாம் பார்க்கும் வேலைக்கே 8 வரை கிடைக்கும். தவறினால் ஓராண்டு நிறுத்தி வைப்பார்கள். அதற்குள்ளும் முடிக்காவிட்டால் சான்றிதழ் போய்விடும். மறுபடி தேர்வு எழுத வேண்டியதுதான்.

60 என்றதும் மலைக்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் படித்தால் மூன்று ஆண்டில் 72 ஆகிவிடும். கடைசி மாதத்தில் அலைவதைவிட இது எளிது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன வேலை, எந்தத் தேதி முதல் எதுவரை, யார் மேலதிகாரி, என்ன பொறுப்பு என்று மாதம் ஒரு பக்கம் எழுதட்டும். விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் தரகரையும் தேடிப் போக வேண்டியிருக்காது.