முன்பணத்துக்குப் பதில் 500 மணித்தியாலம்

"பிள்ளை, உனக்குச் சும்மா வீடு குடுத்திட்டாங்களாமே?" கோயிலில், பிறந்தநாள் விழாவில், தமிழ்க்கடையில் மரக்கறி பொறுக்கும்போது என்று எங்கே கண்டாலும் இதே கேள்விதான். எல்லாரும் குத்தலாகக் கேட்பதில்லை. மகளோ மருமகளோ பிள்ளைகளோடு தனித்துப்போய், யாரோ ஒருவரின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பாள். அவளுக்கும் ஒரு வழி கிடைக்குமா என்று அறியத்தான் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா தரவில்லை. 1976இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ஹபிற்றாற் ஃபோர் ஹியுமானிற்றி என்ற அமைப்புத்தான் என் வீட்டைக் கட்டியது. அது 1985இல் கனடாவுக்கு வந்தது. பெரும்பாலான வேலையைத் தொண்டர்கள் செய்வதாலும் பொருட்கள் பல நன்கொடையாக வருவதாலும் வீடு கட்டும் செலவு குறைகிறது. அந்த வீட்டை நாங்கள் விலைக்குத்தான் வாங்குகிறோம். முன்பணம் இல்லை, மாதத் தவணையை எங்கள் வருமானத்தைப் பார்த்து வைக்கிறார்கள். முன்பணத்தின் இடத்தில் 500 மணித்தியால உழைப்பு. விதிகள் கிளைக்குக் கிளை வேறுபடும், காலத்தோடு மாறவும் செய்யும். ஆகவே என் கதையை வைத்துக் கணக்குப் போடாமல் உங்கள் ஊர்க் கிளையிடமே கேளுங்கள்.

விண்ணப்பித்தால் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: இப்போதைய இருப்பிடம் எவ்வளவு மோசம், தவணை கட்ட முடியுமா, சேர்ந்து உழைக்கத் தயாரா. பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தாய்க்கு முதலாவதை நிரூபிப்பது சுலபம். இரண்டாவதில்தான் எங்கள் ஆட்கள் பலர் அடிபடுகிறார்கள். கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வது எங்களுக்குள் சாதாரணம். வரிக் கணக்கில் காட்டாத வருமானம் விண்ணப்பத்தில் வருமானமே அல்ல. வீடு வேண்டுமென்று நினைக்கும் நாளிலிருந்தே எல்லாம் தாளில் வரட்டும். கணவரோடு சேர்ந்து எடுத்த கடனட்டை ஏதும் இருந்தால் அதை முதலில் மூடுங்கள். பிரிந்த பிறகு அவர் கட்டாமல் விட்டாலும் கறை உங்கள் பெயரிலும் விழும்.

500 மணித்தியாலம் என்றதும் பயந்தேன் என்று சொன்னால் பொய். தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவளுக்கு அது பெரிய எண் இல்லை. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதுதான் பிரச்சினை. கட்டுமான இடத்துக்குள் 16 வயதுக்குட்பட்டவர்களை விடமாட்டார்கள். ஆகவே வேலைச் சப்பாத்து வாங்குவதற்கு முன் சனிக்கிழமைக்கு ஆள் பிடியுங்கள். இதே அமைப்பு நடத்தும் ரீஸ்ரோர் கடைகளும் உண்டு. பழைய தளபாடம், கதவு, மின்விளக்கு எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும் (முதல் கடை 1991இல் வினிப்பெக்கில் திறந்தது). அங்கே நிற்கும் நேரமும் கணக்கில் சேரும். முதுகு நோகும் கிழமைகளில் நான் அங்கே போய் விலைச்சீட்டு ஒட்டினேன்.

ஆனால் கட்டுமான இடத்தைத் தவறவிடாதீர்கள். சுவருக்குள் நிற்கும் மரச் சட்டங்களுக்கு, ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 16 அங்குலம். அவற்றின் இடைவெளிக்குள் இன்சுலேசன் மெத்தையை நசுக்காமல் பொருத்த வேண்டும். நசுங்கினால் குளிரைத் தடுக்காது. நீளக்கை உடுப்பு இல்லாமல் தொட்டீர்களோ, இரவு முழுக்கச் சொறிச்சல்தான். அதற்கு மேல் பிளாஸ்ரிக் தாள் விரித்து, பொருத்துகளைக் கறுப்புப் பசையால் அடைப்பார்கள். அந்தப் பசை காயவே காயாது, எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. நல்ல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். 2017 யூலையில் வினிப்பெக்கில் இந்த அமைப்புக்காக வேலை செய்துகொண்டிருந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கே உடலில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 92 வயது. அடுத்த நாள் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

ட்ரைவோல் அடித்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், அளவுநாடாவையும் பிடித்துக்கொண்டு. எந்த இடத்தில் மின்கம்பி, எந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. சாமித்தட்டு மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் எனக்குக் கை கொடுத்தது.

ஒப்பந்தத்தை உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்து வாசியுங்கள். என்னுடையதில், விற்பதானால் முதலில் அமைப்புக்குத்தான் விற்க வேண்டும், விலை ஏறினாலும் முழு லாபம் என் கைக்கு வராது. "அப்ப என்ன பிரயோசனம், அக்கா?" என்றான் தம்பி. ஸ்காபரோவில் வீடு வாங்கி விற்றுக் காசு பார்த்தவன், அவன் கணக்கில் அது சரி. மகன் பள்ளிக்கூடம் மாறாமல் படித்து முடிக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதற்கு இந்த ஒப்பந்தம் போதும்.

வாடகைக்கு இருந்தபோது கண்ணில் படாத பில்களும் வரும்: வீட்டுவரி, காப்புறுதி, தண்ணீர். தவணை குறைவாக இருக்கிறதே என்று மிச்சக் காசில் கார் எடுக்காதீர்கள். பேர்னஸ் பழுதானால் நீங்கள்தான் வீட்டுக்காரர், கூப்பிட வேறு ஆள் இல்லை. மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். பேர்னஸ் ஃபில்டர் மாற்றுவதற்கு மட்டும் காசு கொடுக்க வேண்டாம். யூரியூப் பார்த்து என் மகன் செய்கிறான், ஐந்து நிமிட வேலை.