எழும்பூர் அருங்காட்சியகம்

நூல்களைக் கற்று அறிவு பெறுதல் ஒரு வகை. பொருள்களைக் கண்ணாற்கண்டு அறிவு பெறுதல் மற்றொரு வகை. முன்னோர் ஆக்கிய அரும்பொருள்களை ஓரிடத்தில் தொகுத்து, மக்கள் அனைவரும் கண்டு பயன்பெறுமாறு அமைத்த நிலையமே அருங்காட்சியகம். தமிழ்நாட்டிலுள்ள இத்தகைய நிலையங்களுள் முதன்மையானது சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகமாகும்.

திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் மாணவ மாணவியர் முப்பதின்மர், தம் தமிழாசிரியருடன் ஒருநாள் இரவு சேலத்தில் புகைவண்டி ஏறி, மறுநாட் காலையில் சென்னையை அடைந்தனர். அவர்களுட் பலர் அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. ஆதலின், முதலில் எழும்பூருக்குச் செல்வதென்று ஆசிரியர் கூறியபோது சிலர் முகம் வாடிற்று. ஒரு மாணவன் மட்டும் துணிந்து, “ஐயா, பழைய கல்லையும் செம்பையும் பார்க்கவா இவ்வளவு தொலைவு வந்தோம்? நம் ஊர் மலையில் இல்லாத கல்லா?” என்றான். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. “கடல் மாலையிலும் அங்கேதான் இருக்கும், தம்பி. உன் வினாவுக்குரிய விடையை நீயே தேடிக்கொண்டு வா” என்றார்.

இவ்வருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தோன்றியது. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதற் பொறுப்பாளராக விளங்கினார். அது 1854ஆம் ஆண்டில் எழும்பூருக்கு மாற்றப்பெற்றது. பின்னர்ப் பல கட்டடங்கள் எழுந்தன. என்றி இர்வின் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த செந்நிறக் கல் மாளிகை அவற்றுள் எழில் மிக்கது. அம்மாளிகையில் 1951ஆம் ஆண்டில் தேசியக் கலைக்கூடம் அமைக்கப்பெற்றது.

வாயிலைக் கடந்ததும் ஆசிரியர் மாணவரை மரநிழலில் அமர்த்தி, “ஒரே நாளில் அனைத்தையும் பார்க்க முயல்பவன் ஒன்றையும் பார்ப்பதில்லை. ஆதலால், ஒவ்வொருவரும் உங்கள் உள்ளத்தைக் கவரும் ஒரு பொருளின்முன் கால்மணி நேரமேனும் நில்லுங்கள். முதலிற் கண்ணாற் காணுங்கள். அதன்பின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். எதனையும் தொடாதீர்கள்” என்று அறிவுறுத்தினார்.

பழங்காலக் கருவிகள் வைக்கப்பெற்ற பகுதியில் அவர்கள் கண்ட ஒரு பெயர் வியப்பளித்தது. இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர் 1863ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் தொன்மையை ஆராய்வதற்கு அக்கல்லே வழிதிறந்தது. அவர் தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். பல்லாண்டுகள் அலைந்து அவர் திரட்டிய கருவிகளை 1904ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகம் விலைக்கு வாங்கிற்று. தாம் நாள்தோறும் தொலைவிற் காணும் சேர்வராயன் மலையில் இத்தகைய பேரறிஞர் ஒருவர் வாழ்ந்தார் என்பதை அறிந்து மாணவர் மகிழ்ந்தனர்.

அடுத்து அவர்கள் அமராவதிச் சிற்பங்களைக் கண்டனர். கிருட்டிணை ஆற்றங்கரையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் எழுந்த பௌத்தத் தூபியை அணிசெய்த சிற்பங்கள் அவை. அவற்றுள் வட்டவடிவமான ஒரு சிற்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினர். ஒரு பக்கத்தில் மதங்கொண்ட யானை தெருவில் மக்களைத் துரத்துகின்றது. மறுபக்கத்தில் ஒரு யானை புத்தர்பெருமானின் திருவடியில் மண்டியிடுகின்றது. மாடங்களிலிருந்து மகளிர் அச்சத்துடன் பார்க்கின்றனர். “இரண்டு யானைகள்!” என்றான் ஒரு சிறுவன். உற்றுநோக்கிய ஒரு மாணவி, “இல்லை, யானை ஒன்றே. முன்பு சினந்தது, பின்பு அடங்கியது” என்றாள். ஒரே கல்லில் இருவேறு நேரங்களைக் காட்டிய சிற்பியின் திறத்தை எவரும் சொல்லாமலே அவள் உணர்ந்துகொண்டாள்.

“இத்தகைய கற்கள் இன்னும் எத்தனையோ இருந்தன. தூபி சிதைந்த காலத்தில் சிலர் அவற்றைப் பெயர்த்துக் கட்டடம் கட்டினர். சிலர் காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாகச் சுட்டனர். எஞ்சியவற்றுட் சில இங்கே உள்ளன; சில இலண்டன் மாநகருக்குச் சென்றன” என்றார் ஆசிரியர். சுண்ணாம்புக் காளவாயைக் கண்டறிந்த அப்பிள்ளைகள் ஒரு நொடி வாய்பேசாது நின்றனர். காலையில் வினா எழுப்பிய மாணவன் தலைகுனிந்தான். திருச்செங்கோட்டு மலைப்படி வழியிலுள்ள மண்டபத் தூண் ஒன்றில் அவன் கூரிய கல்லால் தன் பெயரைக் கீறியிருந்தான். அது அப்போது அவன் நினைவுக்கு வந்தது.

பின்னர் அனைவரும் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்திற்குச் சென்றனர். இத்திருமேனிகளை வார்க்கும் முறையை ஆசிரியர் விளக்கினார். சிற்பி முதலில் மெழுகினால் உருவஞ் செய்வான். அதன்மேல் நுண்ணிய களிமண்ணைப் பூசி உலர்த்துவான். பிறகு அதனைச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே அவ்வுருவத்தின் வெற்றிடம் எஞ்சும். அதனுள் உருக்கிய உலோகத்தை வார்த்து, ஆறியபின் மண்ணை உடைத்து எடுப்பான். அச்சு உடைந்துபோவதால், ஓர் அச்சினின்று ஓர் உருவமே பிறக்கும்.

“இவை கோயில்களை விட்டு வந்தது எவ்வாறு?” என்று ஒருத்தி வினவினாள். போர்க்காலங்களில் திருமேனிகளைக் காக்க எண்ணி முன்னோர் பலவற்றை மண்ணுள் புதைத்தனர் என்றும், நெடுங்காலத்திற்குப்பின் நிலத்தைத் தோண்டுவோர் கையில் அவை அகப்பட்டன என்றும் ஆசிரியர் கூறினார். மண்ணிற் கிடைக்கும் புதையலை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் என்பதையும் எடுத்துரைத்தார்.

அக்கூடத்தில், திருவெண்காட்டிற் கிடைத்த பதினோராம் நூற்றாண்டுத் திருமேனி ஒன்று அம்மாணவனை நிறுத்திற்று. வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். வலப்புறம் இரண்டு கைகள். இடப்புறம் ஒரே கை. வலப்புற ஆடை குறுகியது. இடப்புற ஆடை நீண்டது. வலத்தோள் அகன்று நிற்க, இடை ஒருபுறம் மெல்ல வளைந்திருந்தது. இரு பாதிகளும் வேறுவேறாயினும் இணைத்த இடம் தெரியவில்லை. “ஐயா, இவர் எங்கள் ஊர் மாதொருபாகர்!” என்று அவன் வியந்து கூவினான்.

சற்று நேரஞ் சென்றபின் அவன், “எங்கள் ஊரில் இவருக்கு மாலையும் ஆடையும் சாத்தித் தீபங் காட்டுவார்கள். இங்கே பூவும் இல்லை, விளக்கும் இல்லை. இது தகுமா?” என்று வருந்தினான். ஆசிரியர், “நல்ல வினா. கோயிலில் நாம் கடவுளை வணங்குகிறோம். அங்கே சிற்பி மறைந்துவிடுகிறான். இங்கே அவன் கைத்திறத்தைக் காண்கிறோம். பெயர்கூடப் பொறிக்காமற் சென்ற அவனுக்கு, நாம் கண்கொண்டு காண்பதே செய்யும் மரியாதை” என்றார். ‘பெயர்கூடப் பொறிக்காமல்’ என்னும் சொல் அவன் நெஞ்சில் தைத்தது.

மாலையில் அவர்கள் கடலைக் கண்டு களித்தனர். மறுநாள் ஊர் திரும்பினர்.

அடுத்த திங்களில் ஆசிரியர் அவர்களை நாமக்கல்லுக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள குன்றின் இருபுறமும் அதியர் மரபு மன்னர் எட்டாம் நூற்றாண்டளவில் குடைவித்த கோயில்கள் உள்ளன. அரங்கநாதர் குடைவரையில் ஓர் உருவத்தின்முன் அம்மாணவன் நெடுநேரம் நின்றான். பிறகு, “ஐயா, இதுவும் இரு பாதி. ஆனால் இங்கே பெண்ணுருவம் இல்லை, ஒரு பாதி சிவன், மறுபாதி திருமால்” என்றான். அது சங்கரநாராயணர் திருவுருவம். அதனை ஆசிரியர் அதுவரை அவர்களுக்குச் சுட்டவில்லை.

“நம் ஊர் மலையில் இல்லாத கல்லா என்று கேட்டாயே?” என்றார் அவர்.

“கல் இருந்தது, ஐயா, எனக்குக் காணத் தெரியவில்லை” என்றான் மாணவன்.

அதன்பின் அவன் திருச்செங்கோட்டு மலை ஏறும்போதெல்லாம் தன் பெயர் கீறிய தூணருகே சற்று நிற்பான். அக்கீறலை அவனால் அழிக்க இயலவில்லை. ஆயினும், கையிற் கல்லெடுக்கும் சிறுவரைக் கண்டால், அதனையே அவர்களுக்குக் காட்டித் தடுப்பான். அரும்பொருள்களைக் காக்கும் கடமை அருங்காட்சியகத்திற்கு மட்டும் உரியதன்று. அவற்றைக் காணக் கற்ற கண்களுக்கும் உரியது.